நூறு கலம்

தஞ்சாவூரில்தான் கல்லூரியில் படித்தேன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து காலையில் வருகிற பேருந்தில், ஊர் நெருங்கியதும் பெரிய கோயில் விமானத்தின் தலை தெரியும். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கும்வரை ஒரு நாளும் உள்ளே போகவில்லை. நான் வரலாற்று மாணவன் வேறு. முதலாம் இராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தான், விமானத்தின் உயரம் 216 அடி என்றெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். என்னை யாரும் தடுக்கவில்லை. நண்பர்கள் கூப்பிட்டார்கள். பிரதோஷத்தன்று பாதி வகுப்பு அங்கேதான் கிடக்கும். "எனக்குக் கோயில் பழக்கமில்லடா" என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். பகுத்தறிவு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அது வீம்பு.

வீம்புக்கு விதை போட்டது என் அப்பாயி. அவளுடைய அப்பா ஒரு மிராசுதார் வீட்டில் பண்ணையாள். மிராசுதார் குடும்பம் தஞ்சாவூருக்கு சாமி பார்க்கப் போனால் வண்டி ஓட்டிக்கொண்டு போவார். அகழியோரம் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டுவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை வண்டி நிழலில் உட்கார்ந்திருப்பார். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஆட்களை அழைத்துப் போனதும், ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததும், அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் கதவு எல்லோருக்கும் திறந்ததும் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தத் தாத்தா அதற்குப் பிறகும் வண்டி நிழலிலேயே இருந்திருக்கிறார். "போகலாம்னு சட்டம் வந்துச்சாம். போய் என்ன பண்றதுன்னு தெரியலயாம்" என்பாள் அப்பாயி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது. அவர் போகாத இடத்துக்கு நான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று பதினாறு, பதினேழு வயதில் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டேன். அப்பாயிக்கே அது தெரியாது.

பிறகு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் வேலை. எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடைப் பக்கம். பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் சிறு விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். ஆண்டுக்கொரு முறை ஒரு நாள் டூர் உண்டு. மலைக்கோ கடலுக்கோ போக வீடுகளில் காசு இருக்காது. தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று சுற்றிவிட்டு இரவு ஊர் திரும்பினால் செலவு கட்டும். டூர் பொறுப்பு எந்தப் பள்ளியிலும் சமூக அறிவியல் வாத்தியார் தலையில்தான் விழும். பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம், மேலே அனுமதி, பேருந்துக்காரரிடம் பேரம், புளிசாதத்துக்கும் தயிர்சாதத்துக்கும் ஆள் என்று எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்வேன். கோயில் வாசல் வரை பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய்த் தலையெண்ணி உள்ளே விடுவேன். பிறகு கணக்கு டீச்சரிடம், "நீங்க கூட்டிட்டுப் போங்க டீச்சர், நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவேன்.

செருப்புக் காக்க ஆள் வேண்டும் என்பது உண்மைதான். டீச்சர் அதற்காகவே என்னை ரொம்ப நல்லவர் என்று நம்பியிருந்தார். கேரளாந்தகன் வாசலுக்கு வெளியே, ஒரு வகுப்பின் மொத்தச் செருப்பையும் குவித்துவைத்துக்கொண்டு, என் வகுப்பு போய் வருகிற கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்ற வரலாற்று ஆசிரியர் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எந்தத் தாத்தாவுக்காக வீம்பு பிடித்தேனோ அவர் செய்த வேலையையே செய்துகொண்டிருந்தேன். அவருக்கு வண்டி, எனக்குச் செருப்பு. அது அப்போது மூளைக்கு எட்டவில்லை.

டீச்சர் பிரசவ விடுப்பில் போன ஆண்டு வேறு வழியில்லாமல் உள்ளே போனேன்.

அந்தப் பெரிய விமானத்தை நான் அன்று நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒரு பையன் எங்கே போனான் என்று தேடிக் குனிந்துகொண்டே போனவன், அடித்தளத்தில் கண் வைத்தேன். கல் முழுக்க எழுத்து. இடுப்புயரத்தில் ஆரம்பித்துக் கண் போகும் வரைக்கும் வரிவரியாக. சில எழுத்து படிக்க வந்தது. பாதி வராமல் போனது. கோயில் என்றால் சாமி, பூசை, வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் என்றுதான் எனக்குள் ஒரு படம் இருந்தது. இங்கே பார்த்தால் ஒரு அலுவலகத்தின் பதிவேட்டைச் சுவரில் வெட்டி வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு விடுமுறை நாள் கல்வெட்டுப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். படிக்கப் படிக்கப் பித்துப் பிடித்தது. இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஒரு காலத்தில் ஊருக்கு மறந்து போயிருந்தது. தல புராணம் வேறொரு சோழனைக் காட்டும். சிலர் கரிகாலன் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் சுவரை வரிவரியாகப் படித்த பிறகுதான் இராஜராஜன் பெயர் உறுதியானது. அரசன் கொடுத்தது, அவன் அக்காள் குந்தவை கொடுத்தது, அரசியர் கொடுத்தது, அதிகாரிகள் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எடையும் அளவும் உண்டு. செப்புத் திருமேனி என்றால் அதன் உயரம் எத்தனை முழம், எத்தனை விரல் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. இடையர்கள் ஆட்டை வாங்கிக்கொண்டு தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழமானாலும் கணக்கில் 96 குறையக் கூடாது. சோழ நாட்டு ஊர்களிலிருந்து மட்டுமல்ல, ஈழத்து ஊர்களிலிருந்தும் வரவு உண்டு. எல்லாக் கணக்கும் கடைசியில் வந்து சேருகிற இடம் நெல். இத்தனை கலம், இத்தனை தூணி, இத்தனை பதக்கு, இத்தனை குறுணி, இத்தனை நாழி. எங்கள் வீட்டில் அப்பாயி அளந்த மரக்கால் இப்போதும் பரணில் கிடக்கிறது. கல்வெட்டுப் படிக்க எனக்கு அகராதி தேவைப்பட்ட இடங்கள் நிறைய. இந்த அளவைகளுக்குத் தேவைப்படவில்லை.

2025 தை மாதம் பொங்கல் கழிந்து போன டூரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அந்த முறை பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கல்வெட்டு வாசகங்களை நகலெடுத்து வைத்திருந்தேன். எதை எடுத்தேன் என்பதைவிட எதை எடுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். இராஜராஜன் கோயிலுக்கு ஊர்களை எழுதிக்கொடுக்கும்போது, அந்த ஊரின் மொத்த நிலத்தில் வரி கழிக்க வேண்டிய பகுதிகளை முதலில் பட்டியலிடுவார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், குறுக்கே ஓடும் வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அது போகும். சில ஊர்களுக்குத் தீண்டாச்சேரி என்றே இருக்கும். இரண்டு சாதிக்கு இரண்டு சுடுகாடு இருப்பதும் அதிலேயே தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் எங்கள் தெரு எங்கே இருந்தது என்று அரசாங்கமே கல்லில் வெட்டிவைத்த ஆதாரம். அந்தப் பக்கத்தை நான் நகலெடுக்கவில்லை.

காரணம் கேட்டால் பிள்ளைகளுக்காக என்று சொல்லியிருப்பேன். பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரை கொடுத்திருந்த நேரம். எங்கள் பள்ளியிலும் கை நிறையக் கயிறு கட்டிக்கொண்டு வருகிற பையன்கள் உண்டு. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் ஒரே வாளிச் சோற்றைத் தின்னப் போகிறார்கள். அன்றைக்குப் போய் இதை வாசிப்பானேன் என்று ஒரு நியாயம். இன்னொரு காரணமும் உண்டு. அதை வாசிக்கும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சம்பா அறுவடைக் காலம். நீடாமங்கலம் தாண்டுகிறவரை சாலையில் ஒரு பக்கம் நெல் காய்ந்தது, இன்னொரு பக்கம் வண்டி ஓடியது. கொள்முதல் நிலைய வாசல்களில் சாக்கும் தார்ப்பாயுமாக ஆட்கள் இரவெல்லாம் படுத்திருந்து எழுந்துகொண்டிருந்தார்கள். சன்னலோரப் பிள்ளைகள், "சார், இவங்க டோக்கன் இன்னும் வரலபோல" என்று விவரம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் டூர் போனால் பாட்டுப் பாடுவார்களாம். எங்கள் பேருந்தில் நெல்லின் ஈரப்பதம் பற்றி ஒரு விவாதம் நடந்தது.

பெரிய கோயிலில் எங்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி வேறொரு குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். விமானத்தின் நிழல் தரையில் விழாது, சோழர்களின் பொறியியல் அப்படி, என்றார். காலை வெயில் சாய்வாக அடித்தது. விமானத்தின் மேற்கே புல்வெளி முழுக்க அதன் நிழல் கிடந்தது. வெயிலுக்கு ஒதுங்கி அவரும் அவர் குழுவும் அந்த நிழலில்தான் நின்றிருந்தார்கள். எங்கள் பையன் ஒருவன் காலடியைப் பார்த்தான், மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் வாயில் விரலை வைத்தேன். அடுத்தவர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. அடுத்து அவர் பைசாவுக்குப் போனார். இத்தாலியில் ஒரு கோபுரம் கட்டினார்கள், கட்டும்போதே சாய்ந்துவிட்டது, நம் கோபுரம் ஆயிரம் வருஷமாக ஒரு அங்குலம் சாயவில்லை.

இது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. நானும் வகுப்பில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். பைசா கோபுரத்துக்கு 1173-இல்தான் அடித்தளம் போட்டார்கள், பெரிய கோயில் அதற்கு 160 ஆண்டுக்கு மேல் மூத்தது என்பதெல்லாம் சரி. ஆனால் பைசா நிற்பது ஆற்று வண்டலும் களியுமான இளகிய தரையில். தஞ்சைக் கோயில் நிற்பது டெல்டாவின் விளிம்பில், வல்லம் பக்கத்து மேட்டு நிலம் தொடங்குகிற கெட்டித் தரையில். இராஜராஜன் ஆசைப்பட்டு இதே விமானத்தை எங்கள் ஊர்க் களிமண்ணில் எழுப்பியிருந்தால் பைசாவுக்குத் துணை கிடைத்திருக்கும். கோடை வந்தால் எங்கள் ஊரில் ஓட்டு வீட்டுச் சுவரே பிளந்து நிற்கும். இதைச் சொன்னபோது பிள்ளைகள் வழிகாட்டி சொன்னதைவிட அதிகம் ரசித்தார்கள். தங்கள் ஊர் மண்ணின் பெயர் இத்தாலியோடு சேர்ந்து வந்தது அவர்களுக்குப் பெருமையாக இருந்ததோ என்னவோ.

பத்தரை மணிக்கே தரைக்கல் சுட ஆரம்பித்துவிட்டது. தேங்காய் நார்ப் பாயில் ஓடி ஓடித் திருச்சுற்று மாளிகை நிழலுக்குப் போய் உட்கார்ந்தோம். அங்கே நகல்களைக் கொடுத்தேன். தளிச்சேரிக் கல்வெட்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய கணக்கு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, முதல் வீடு, நக்கன் சேரமங்கை. இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்று தெருவும் கதவு எண்ணும் பெயரும் சொந்த ஊரும் வரிசையாக வரும். குடும்ப அட்டை மாதிரி இருக்கே சார் என்றாள் ஒருத்தி. எடுத்தபாதம் என்ற பெயரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். திருவாரூர் என்று வருகிற இடமெல்லாம் கத்தினார்கள். எங்கள் மாவட்டம் திருவாரூர். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால்கூட அவ்வளவு சத்தம் போட மாட்டார்கள்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் உண்டு. ஒரு பங்கு என்றால் ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து ஆண்டுக்கு நூறு கலம் நெல். இதைச் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் கணக்கு ஆரம்பித்துவிட்டது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ரெண்டு கலம் ஒரு மூட்டை. நூறு கலம் ஐம்பது மூட்டை. மூட்டை அறுபது கிலோ, ஆக 30 குவிண்டால். சன்ன ரகத்துக்கு இந்த வருஷம் குவிண்டால் 2,450 ரூபாய். ஒரு பையன் தரையில் விரலால் பெருக்கி 73,500 என்றான். அன்றைய கலமும் நம் ஊர்க் கலமும் ஒன்றென்று வைத்துக்கொள்ளக் கூடாது, காசின் மதிப்பும் வேறு என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. "ஈரப்பதம் 17-க்கு மேல இருந்தா ராஜராஜன் ஆளும் தள்ளிடுவாங்களா சார்?" என்று ஒருவன். "எங்கம்மா நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் விடாமப் போனாக்கூட 319 மேனிக்கு 31,900 தான். இவங்களுக்கு வீடு வேற" என்றாள் இன்னொருத்தி. கல்லூரியில் சோழர் பொருளாதாரம் பற்றி எத்தனையோ உரை கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் இப்படி ஒரு நிமிடத்தில் விலைக்கு வந்து நின்றதில்லை.

பிறகு மற்றவர்கள் பட்டியலை வாசித்தேன். நட்டுவம் செய்வோர், பாடுவோர், உடுக்கை வாசிப்போர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர். கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் சுவரில் இருக்கிறது. அரசன் பெயரைப் பட்டமாகப் பெற்ற நாவிதர் பெயரும் இருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகள் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல நடவாள் எங்க சார்?" என்றாள்.

"என்னம்மா?"

"குடை பிடிக்கிறவங்க வரைக்கும் போட்ருக்காங்க. நெல்லு நட்டவங்க, அறுத்தவங்க எந்தப் பக்கத்துல இருக்காங்க? எனக்கு அந்தப் பக்கம் வரலையா?"

தாள் குறைகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறு எதுவும் அவள் மனத்தில் இல்லை. நான் இல்லையென்று சொல்லியிருக்கலாம், பேர் இல்லை என்பது உண்மைதான். என்னால் முடியவில்லை. அந்தப் பக்கம் மனப்பாடமாக இருந்தது. அவர்கள் பெயர் இல்லை, அவர்கள் தெரு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஊர் நத்தத்தில் தொடங்கி வரிசையாகச் சொன்னேன். கோயில், குளம், வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. குரல் நான் பயந்தபடி எதுவும் ஆகவில்லை. வருகைப் பதிவு வாசிக்கிற குரலாகத்தான் வந்தது. இதற்கெல்லாம் வரி கிடையாது என்று கல்வெட்டு சொல்கிறது என்று முடித்தேன்.

நான் சண்டைக்கோ அழுகைக்கோ தயாராக இருந்தேன். கயிறு கட்டிய கைகளை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். கணக்குப் போட்ட பையன் கேட்டான்: "வரி இல்லையா? அப்ப நல்லதுதானே சார்?"

"சுடுகாட்டுக்கும் இல்லயாம்டா" என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன்.

"ஏன் சார், வரி இல்லாத நிலம்னா அவங்க சொந்த நிலமா?" இது நடவாளைத் தேடியவள்.

மூன்று பேரும் வேறு வேறு தெரு. நான் இருபது வருஷமாக அந்த வரியைக் காயமாக மட்டுமே படித்து வைத்திருந்தேன். அவர்கள் அதை நிலப் பதிவேடாகப் படித்தார்கள். சொந்த நிலமா என்ற கேள்விக்கு, அப்படி அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை, ஊர்க் கணக்கிலிருந்து அந்த இடத்தைக் கழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். "கழிச்சுட்டாங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்கு மேல் போவதற்குள் காவலர் வந்து, கூட்டமாக உட்கார வேண்டாம், நகருங்கள் என்றார். முதல் பையன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் என்னிடம் இருக்கவுமில்லை. நல்லதுதானே என்று ஒருவன் நிஜமாகவே கேட்கும்போது கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தாராசுரத்தில் புல்தரையில் புளிசாதம். இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. தேர் போலச் சக்கரமும் குதிரையும் கட்டிய மண்டபம், யானைத் தலையும் காளைத் தலையும் ஒன்றாகச் சேர்ந்த சிற்பம். முகத்தைக் கையால் மறைத்துப் பார்த்து அதில் அரை மணி போனது. தட்டினால் ஓசை வரும் படிக்குக் கம்பி வலை போட்டுவிட்டார்கள். தட்ட முடியாததில் பையன்களுக்கு வருத்தம். கருவறைச் சுவரின் அடிவரிசையில் நாயன்மார் கதைகளைச் சிறுசிறு பலகைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள், பல பலகைக்கு மேல் பெயரும் உண்டு. திருநாளைப்போவாரைத் தேடலாம் என்று சொன்னேன், நந்தன் என்று விளக்கவும் செய்தேன். பாதிப் பேர் குனிந்து தேடினார்கள், மீதிப் பேர் குச்சி ஐஸ் வண்டியைத் தேடினார்கள். நான் இரண்டாவது கூட்டத்தோடு போனேன். காலையில் பேசியதே போதும் என்று இருந்தது.

கும்பகோணம் தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். 1836-இல் இந்தக் கீழணையைக் கட்ட, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல்லெடுத்துப் போனார்கள். ஊர் ஏழைகள் மறித்திருக்கிறார்கள். கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1855-இல் வந்த ஒரு பத்திரிகைக் குறிப்பு இதைச் சொல்கிறது. வரலாற்றுக்காரர்கள் இதைச் சொல்லும்போது பல்லைக் கடிப்பார்கள், எனக்கும் வலிக்கும். ஆனால் கடைமடைக்காரனுக்குள் இன்னொருவனும் இருக்கிறான். கீழணையிலிருந்து வடவாற்றில் போகிற தண்ணீர் வீராணம் ஏரியை நிரப்புகிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து நடவு அதை நம்பி நடக்கிறது. கோயில் மதில் தண்ணீருக்குள் இறங்கி நெல்லுக்கு வேலை செய்வது பெரிய அநியாயமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஓட்டெடுப்பு நடத்தினோம். மதில் தோற்றது. பேருந்து ஓட்டுநர் மட்டும், "பக்கத்துல மலைக்கல்லா இல்ல, கோயில்லதான் கை வைக்கணுமா?" என்று கடைசிவரை மதில் கட்சியில் இருந்தார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் சாயங்கால வெயில். இராஜேந்திரன் அப்பாவுக்கு மரியாதையோ என்னவோ விமானத்தைத் தஞ்சையைவிடக் குட்டையாகக் கட்டினான், ஆனால் பக்கவாட்டில் உள்வளைந்து மேலேறுகிற அந்த அமைப்பில் ஒரு மென்மை உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும். சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றுகிற சிற்பத்தின் முன் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தேன். அன்றைக்கு எடுத்த படங்களில் நானும் இருப்பது அதில் மட்டும்தான். செருப்பு வாசலில் தன் பாட்டுக்குக் கிடந்தது. ஒரு ஜோடி மட்டும் காணாமல் போனது.

ஊர் சேர இரவு பத்து ஆகிவிட்டது. அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பட்டியல் பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுத்தேன். வீட்டில் சொல்லி யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு அப்பா வந்தார். ரெண்டு கலம் ஒரு மூட்டை என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்.

சித்திரையில் அம்மாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். கண் ஆஸ்பத்திரி வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. "பெரிய கோயில் பாக்கலாமாம்மா?" என்றேன். அம்மா ஐம்பது வருஷத்துக்கு மேல் நடவு நட்டவள், கண்டுமுதல் கணக்கு விரல் நுனியில் வைத்திருப்பவள், இந்தக் கோயிலுக்குள் வந்ததில்லை. வந்ததும் விமானத்தைப் பார்த்து, "யாத்தே" என்றாள். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. புல்தரையைப் பார்த்து, நாலு ஆட்டைக் கட்டினால் ரெண்டு நாள் தாங்கும் என்றாள். 96 ஆட்டுக் கதையைச் சொன்னேன். செத்த ஆட்டுக்கு ஈடு யார் குடுப்பா, அந்த இடையன்தானே, என்று அவன் பக்கம் பேசினாள்.

சுவரோரம் நிழலில் உட்காரவைத்து, பையில் இருந்த நகலை எடுத்து அந்தப் பட்டியலை வாசித்தேன். நத்தம், கோயில், குளம், வாய்க்கால், நம்ம தெரு, சுடுகாடு. இதுக்கெல்லாம் ராஜா வரி போடலயாம்மா, பசங்க இது நல்லதுதானேன்னு கேக்குறானுங்க, நான் என்ன பதில் சொல்றது என்றேன்.

அம்மா முந்தானையால் கண்ணில் விட்ட மருந்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்மகிட்ட வரி போட என்னடா இருந்துச்சு?" என்றாள். பிறகு, மன்னார்குடி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.